கயிற்றை இழுத்த கை

அத்தியாயம் 4

ரிங்லெட் மலை இறக்கத்தில் ஒரு லாரி வளைவை முழுசாக எடுத்துக்கொண்டு வர, கோகிலன் பிரேக்கை மிதித்தான். கத்தரீன் கையிலிருந்த, பிளாஸ்டிக் பையில் கட்டிய பொட்டல டீ பாதிக்கு மேல் அவள் மேலேயே கொட்டியது.

"மேடம், சுடலையா?"

அவள் குனிந்து பார்த்தாள். வலது மார்புக்குக் கீழே சட்டை நனைந்து ஆவி பறந்தது. சுடவில்லை. போன வருஷம் கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் நாலு கை வைத்த ரோபோ ஒன்று அவள் விலா எலும்புகளுக்கு நடுவே நுழைந்து, நெஞ்சுக்குள் இருந்த கட்டியை எடுத்துவிட்டு வந்தது. ஓட்டைகள் ஆறிவிட்டன, உணர்ச்சி மட்டும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. போகப் போக வேறு சிலவும் திரும்பாமல் போயின. கோபம் வருவதில்லை. பசி நேரத்துக்கு வருவதில்லை. எதிரே உட்கார்ந்து ஒருவர் அழுதால், அழுது முடிக்கும்வரை சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடிகிறது. இந்தத் தொழிலுக்கு அது வசதி என்று அவளே தனக்குச் சொல்லிக்கொள்வாள்.

"ரோபோ உங்களுக்கு ஃபயர் புரூஃப் போட்டு அனுப்பியிருக்கு லா," என்றான் கோகிலன்.

"ரோட்டைப் பார்த்து ஓட்டு."

கத்தரீன் போலீசில் சார்ஜனாக இருந்து ஓய்வு பெற்றவள். தானா ராத்தாவில் ஒரு டோபி கடைக்கு மேலே அவளுக்கு ஓர் அறையும் ஒரு மேசையும் உண்டு. காணாமல் போனவர்களைத் தேடித் தருவது தொழில். கோகிலன் முன்பு காய்கறி லாரி ஓட்டியவன். இப்போது அவள் காரை ஓட்டுகிறான். சம்பளம் ஓட்டுவதற்கு மட்டும்தான், பேச்சு இலவசம் என்று அடிக்கடி ஞாபகப்படுத்துவான்.

இன்றைக்குக் காணாமல் போயிருப்பவன் அர்ஜுனன். கிளென்மூர் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து வெட்டும் மெஷின்காரன். கூப்பிட்டது அவன் மனைவி விக்னேஸ்வரி.

வீடு தொழிலாளர் லைனில் கடைசி வீடு. எஸ்டேட்டின் டீக்கடையில் டூரிஸ்டுகளுக்குக் கேக் வெட்டிக் கொடுக்கும் வேலை அவளுக்கு. அந்த ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"போன வாரம் போனவரு, அக்கா. ரெண்டு சட்டை, அடையாளக் கார்டு ஐசி, அவ்வளவுதான் எடுத்துக்கிட்டாரு. போனைக்கூட வச்சிட்டுப் போயிட்டாரு."

"போன்ல சொன்னீங்களே, அவரு ஆபரேஷன் எப்ப நடந்துச்சு?"

"ஒன்றரை மாசம் ஆகுது. நெஞ்சுக்கு நடுவுல கட்டி. ரோபோ வச்சு எடுத்தாங்க. டாக்டரு மூலைல ஒரு பெட்டிக்குள்ள தலையை விட்டுக்கிட்டு உக்காந்திருப்பாராம், கை மட்டும் தூரத்துல வேலை செய்யுமாம்." அவள் ஏப்ரன் நாடாவை முறுக்கினாள். "இப்ப ஆஸ்பத்திரியில இருந்து போன் பண்றாங்க. கட்டி இதயத்துப் பையோட ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. விளிம்புல கொஞ்சம் தங்கிப் போச்சாம். கரண்டு வைக்கணும், வெள்ளிக்கிழமைக்குள்ள வந்தே ஆகணும்ங்கிறாங்க. விட்டுட்டா மறுபடி வளரும், அப்புறம் ரோபோவாலயும் முடியாதாம்."

கரண்டு என்று அவள் சொன்னது கதிர்வீச்சை. கத்தரீனுக்கும் வைத்தார்கள். அன்றைக்கு இருந்த பயத்தை நினைத்துப் பார்த்தாள். பயந்தது ஞாபகம் இருந்தது, பயம் ஞாபகம் வரவில்லை.

"ரோபோன்னு பயந்து ஓடுறவங்க ஆபரேஷனுக்கு முன்னாடியே ஓடியிருப்பாங்களே," என்றான் கோகிலன். "முடிஞ்சப்புறம் ஓடுற முதல் ஆளு இவருதான்."

விக்னேஸ்வரி சிரிக்கவில்லை. சுவரில் கல்யாணப் போட்டோ மாட்டியிருந்தது. மாப்பிள்ளைக்குப் பின்னால் அதே உயரம், அதே ஒல்லி, அதே மீசையோடு ஒருவன் நின்றான்.

"இது யாரு?"

"என் தம்பி திருமாறன். மெஷின்ல அவருக்கு ஜோடி அவன்தான். இப்ப கே.எல்.ல வேலைக்குப் போயிட்டான்."

தண்ணீர் வேண்டும் என்று சொல்லிவிட்டு கத்தரீன் அடுப்படிக்குப் போனாள். பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. தொட்டிக்கு அருகே கழுவிக் கவிழ்த்த டம்ளர்கள். அவற்றோடு, மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் கூண்டு ஒன்று. நெஞ்சு ஆபரேஷன் ஆனவர்கள் வாயில் வைத்து உறிஞ்சி, பந்துகளை மேலே ஏற்றி, மூச்சுப் பழகும் சாமான். அவள் வீட்டிலும் ஒன்று கிடக்கிறது. அதன் வாய்க்குழாயில் இன்னும் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் தண்ணீரைக் குடித்தாள். டம்ளரைக் கழுவி, அந்தக் கூண்டுக்குப் பக்கத்திலேயே கவிழ்த்து வைத்தாள். எதுவும் கேட்கவில்லை.

வெளியே வந்ததும், "ஏதாவது கிடைச்சுச்சா?" என்றான் கோகிலன்.

"தண்ணி கிடைச்சுச்சு."

"உங்ககூட வேலை பார்க்கிறதுக்கு ஆஸ்பத்திரி ரோபோகூட வேலை பார்க்கலாம், மேடம். அதாவது பதில் சொல்லும்."

தேயிலைச் சரிவில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு மெஷினுக்கும் இரண்டு பேர். வரிசைக்கு இந்தப் பக்கம் எஞ்சின் பிடிப்பவன், அந்தப் பக்கம் பை பிடிப்பவன். நடுவில் கத்தி செடியின் தலையைச் சீவிக்கொண்டே போகிறது. கங்காணி பக்கிரிசாமி தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"அர்ஜுனனா? எஞ்சின் பக்கம் அவன், பை பக்கம் மச்சினன். பத்து வருஷ ஜோடி. இப்ப ரெண்டு பேரும் இல்ல. ஒருத்தன் எம்.சி. லீவு, ஒருத்தன் கே.எல். புதுசா வந்த நேப்பாளிங்க ரெண்டு பேரை விட்டிருக்கேன், செடியை வெட்டச் சொன்னா ஆள் கால் வெட்டுற மாதிரி வெட்டுறானுங்க."

"ஆபரேஷனுக்கு அப்புறம் அர்ஜுனனைப் பார்த்தீங்களா?"

"பார்க்காம? எஸ்டேட்டே அவனுக்காக வேண்டிக்கிச்சு. கோயில்ல ஒரு அர்ச்சனை, அந்தப் பக்கம் சர்ச்சுல ஒரு ஜெபம். ஆஸ்பத்திரியில இருந்து வந்த மறுவாரம்னு நினைக்கிறேன். இந்த நேப்பாளி கயிறை இழுக்கிறான், இழுக்கிறான், மெஷின் ஸ்டார்ட்டே ஆகல. பெட்ரோல் ஏறி அடைச்சுக்கிச்சு. லைன்ல படுத்திருந்தவனுக்கு அந்தச் சத்தம் பொறுக்கல. கைலியோட இறங்கி வந்தான். 'என் மெஷினைக் கொன்னுடாதீங்கடா'ன்னு சொல்லி, பிளக்கைக் கழட்டித் துடைச்சு மாட்டி, காலை ஊனி ஒரே இழுப்பு. கெணகெணன்னு பிடிச்சுக்கிச்சு. எல்லாரும் கை தட்டினோம்."

"எந்தக் கையால இழுத்தாரு?"

கங்காணி வலது கையை இடுப்பிலிருந்து தோளுக்கு மேலே வீசிக் காட்டினார். "அந்த ரோபோ வேலை அப்படி மேடம். தையல்கூடப் பிரிக்கல, ஆளு பழைய ஆளு."

கத்தரீன் அந்த வீச்சைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஓட்டை சின்னதுதான். மறுவாரமே நடக்கலாம், படி ஏறலாம், கஞ்சிக் கரண்டியைத் தானே பிடிக்கலாம். ஆனால் வலது கையால் அவள் ஜன்னல் திரையை இழுத்துவிட ஒரு மாதம் ஆயிற்று. விலா நரம்பு அப்படிக் கத்தும். கத்தி முடித்துவிட்டுத்தான் மரத்துப் போனது.

"அவரு இங்க வேலையை விட்டுட்டா வேற என்ன வேலை பார்ப்பாரு?"

"அவனுக்குக் கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ற சாமான் எது கிடைச்சாலும் போதும்," என்றார் பக்கிரிசாமி.

காரில் ஏறியதும் கோகிலன் பழைய லாரிக்காரர்களுக்கு வரிசையாகப் போன் போட்டான். அப்பன் நலம் கேட்டு ஆரம்பித்து, காரட் விலை விசாரித்து, கடைசியில்தான் விஷயத்துக்கு வருவான். நாலாவது ஆளிடம் பதில் இருந்தது. கோலா தெர்லாவில் ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் தோட்டத்தில் மருந்தடிக்கும் பம்ப் எல்லாம் திடீரென்று ஒழுங்காக ஓடுகிறதாம். புது ஆள் ஒருவன் வந்திருக்கிறானாம். ஷெட்டிலேயே படுக்கை, யாருடனும் பேச்சில்லை.

பிரிஞ்சாங் தாண்டி கியா பார்மில் கார்கள் ஸ்ட்ராபெரிக்காக நின்றன. கோகிலன் ஸ்டியரிங்கில் தாளம் போட்டான்.

"உங்களுக்கு என்ன தோணுது, மேடம்? பொண்டாட்டி கொடுமையா?"

"அவ தேடுறது நிஜம். யாரைத் தேடுறான்னுதான் தெரியல."

"ஒரு புருஷன்தானே அந்தம்மாவுக்கு. எண்ணிக்கை தப்பாதே."

கோலா தெர்லாவில் முட்டைகோஸ் பாத்திகளுக்கு மேலே பிளாஸ்டிக் கூரைகள் வரிசையாகச் சரிந்து கிடந்தன. கடைசி ஷெட்டின் வாசலில் ஒருவன் பம்ப் எஞ்சின் முன்னால் முட்டி போட்டிருந்தான். கார் நின்றதை அவன் கவனிக்கவில்லை. பிளக்கை மாட்டினான், காலை ஊன்றினான், வலது கையால் கயிற்றைத் தோளுக்கு மேல் வரை ஒரே இழுப்பாக இழுத்தான். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

கத்தரீன் அது ஓடி ஓயும்வரை காத்திருந்தாள்.

"அர்ஜுனன். உங்க வீட்டுல கூப்பிட்டுத் தேடச் சொன்னாங்க."

அவன் எழுந்தான். ஓடவில்லை. ஓடுவதற்கு வேண்டிய தெம்பு எங்கோ வேறு வேலையில் தீர்ந்துபோனவனாகத் தெரிந்தான்.

"ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்றாங்களா?"

"ஆமா. ஆனா உங்களை இல்லைன்னு நினைக்கிறேன். சட்டையைக் கொஞ்சம் தூக்குங்க. வலது பக்கம்."

கை எண்ணெயைக் கால்சட்டையில் துடைத்தான். பிறகு தூக்கினான். விலா எலும்புகள் தெரிந்தன. வேர்வை தெரிந்தது. தழும்பு ஒன்றுகூட இல்லை.

கோகிலன் ஷெட் கம்பத்தைப் பிடித்துக்கொண்டான். "அப்ப அந்த நாலு கை ரோபோ யாருக்கு லா ஆபரேஷன் பண்ணுச்சு?"

"இன்னைக்குக் காலையில மூணு பந்தை உறிஞ்சி ஏத்துனவருக்கு," என்றாள் கத்தரீன். "மூச்சுப் பழகுற கூண்டு விக்னேஸ்வரி வீட்டு அடுப்படியில ஈரத்தோட கவிழ்ந்து கிடக்கு. புருஷன் போய் ஒரு வாரம். அப்ப அந்தப் பின்னறையில இருக்கிறது யாரு? கே.எல்.க்குப் போகாத தம்பி. கல்யாணப் போட்டோவுல பார்த்தேன், ரெண்டு பேரும் ஒரே அச்சு. பழைய ஐசி போட்டோவுக்கு அது போதும்."

"ஐசி போட்டோவுல என் மூஞ்சியே என் மூஞ்சி மாதிரி இருக்காது," என்று கோகிலன் முணுமுணுத்தான்.

அர்ஜுனன் சட்டையை இறக்கி விட்டான். கவிழ்த்து வைத்த கூடை மேல் உட்கார்ந்தான். யாரோ ஒருவருடைய கதையைச் சொல்வதுபோலச் சொன்னான்.

"திருமாறனுக்கு ஐசி கிடையாது. லைன்லயே பொறந்தான். அப்பன்காரன் நாளைக்குப் பதியலாம், அடுத்த மாசம் பதியலாம்னு இருந்தே செத்துப் போயிட்டாரு. பொறப்பு சூரா, பதிவுக் காகிதம், இல்ல. இந்த மலைல பொறந்து, இந்த மலைல கொழுந்து வெட்டி, ஆஸ்பத்திரிக்குப் போனா அவன் வெளிநாட்டுக்காரன், கட்ட முடியாத காசு கேப்பாங்க. கட்டி பெருசாகிட்டே போச்சு. ராத்திரி மல்லாக்கப் படுக்க முடியல. விக்கி அழுதா. நான்தான் கார்டைக் கொடுத்தேன். ஒரே ஒரு தடவை, எடுத்துட்டு வந்துட்டா முடிஞ்சிடும்னு நினைச்சோம்."

"நீங்க எம்.சி. போட்டுட்டு வீட்டுலயே படுத்தீங்க."

"படுக்கத்தான் செஞ்சேன். அந்த நேப்பாளி கயிறை இழுத்த சத்தம்தான் என்னால பொறுக்க முடியல." முதல் தடவையாக அவன் முகத்தில் ஏதோ அசைந்தது. "இறங்கிப் போயிட்டேன். விக்கி அன்னைக்குப் பூராம் பேசல."

இதில் ஒரு துண்டு பொருந்தாமல் நின்றது. கத்தரீனுக்கு அது புரிந்தது. "ஒரு தடவை கொடுத்தவரு இன்னொரு தடவையும் கொடுத்திருக்கலாமே. கரண்டு வைக்கணும்னதும் ஏன் கார்டோட வந்துட்டீங்க? அவரு உயிர் அதுல இருக்குன்னு தெரியும்ல?"

பதிலுக்கு அவன் இருமினான். இருமல் அவனைக் கூடையிலிருந்து முன்னுக்குத் தள்ளியது. பாக்கெட்டிலிருந்த துணியை வாயில் வைத்து எடுத்தான். மறைக்கவில்லை. துணியில் சிவப்பு இருந்தது, பழைய சிவப்பின் மேல் புதுச் சிவப்பு.

கோகிலன் காரிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்து நீட்டினான்.

"ரெண்டு மாசமா இருக்கு," என்றான் அர்ஜுனன். "அவ தம்பியோட ஓடிக்கிட்டிருந்தா, சொல்லல. அரசாங்க கிளினிக்குப் போனேன். நர்ஸுக்கு என்னைத் தெரியும், எனக்காக ஜெபம் பண்ணவங்கதான் அவங்களும். 'நெஞ்சு ஆபரேஷன் ஆனவரு, உடனே டாக்டரைப் பாருங்க'ன்னு உள்ள அனுப்பிட்டாங்க. டாக்டரு நல்ல மனுஷன். 'சட்டையைத் தூக்குங்க, தையலைப் பார்க்கணும்'னாரு. எழுந்து வந்துட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அவங்க பேப்பர்ல என் கட்டியை எடுத்தாச்சு. கார்டை அவனுக்குக் கொடுத்தா நான் யாருன்னு போய் நிக்கிறது? கொடுக்கலைன்னா அவன் செத்துருவான். உண்மையைச் சொன்னா என்னை உள்ள வைப்பாங்க, அவனை இமிகிரேஷன் கொண்டு போகும். திருப்பி அனுப்ப அவனுக்கு ஊரே கிடையாது, ஆனாலும் கொண்டு போகும். ஒரு பேருக்கு ரெண்டு நெஞ்சு. யோசிச்சு யோசிச்சு மண்டை மரத்துப் போச்சு. அதான் இங்க வந்து முட்டைகோஸுக்கு மருந்து அடிச்சிக்கிட்டிருக்கேன்."

கத்தரீன் அவனையே பார்த்தாள். இரக்கம் வர வேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. வரவில்லை. வராவிட்டாலும் செய்ய வேண்டியது தெரியும்.

"சட்டையை எடுத்துக்கிட்டு வண்டியில ஏறுங்க," என்றாள்.

கேட்டைத் தாண்டியதும் கைப்பேசி அடித்தது. விக்னேஸ்வரி. கோகிலன் பழக்கதோஷத்தில் காரின் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டான்.

"கிடைச்சாராக்கா?"

"கிடைச்சாரு. வண்டியிலதான் இருக்காரு."

"கார்டு வச்சிருக்காரா?"

அர்ஜுனன் சட்டைப் பையிலிருந்து ஐசியை எடுத்தான். முன் சீட்டுகளுக்கு நடுவே கை நீட்டி, சில்லறை போடும் தட்டில் வைத்தான். கோபப்படவில்லை. அந்தக் கேள்வியை எதிர்பார்த்தே இத்தனை நாள் ஷெட்டில் படுத்திருந்தவன் அவன். கோகிலன் காரை ஓரங்கட்டினான்.

"விக்னேஸ்வரி," என்றாள் கத்தரீன். "உங்க தம்பி பின்னறையில இருக்காருன்னு எனக்குத் தெரியும். நான் இப்ப போலீஸ் இல்ல, அதை விடுங்க. உங்க வீட்டுக்காரர் ரத்தமா இருமுறாரு. ரெண்டு மாசமா. கிளினிக்ல தையலைக் கேட்டதும் எழுந்து வந்துட்டாரு."

மறுமுனையில் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது. அவள் அழுகிறாள் என்பது மூச்சில் தெரிந்தது.

"எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா தெரியாது. துணியெல்லாம் அவரே துவைச்சாரு. நான் ஏன்னுகூடக் கேக்கல."

"விக்கி, அழாத," என்றான் அர்ஜுனன் பின்சீட்டிலிருந்து. "கார்டு வருது. நாளைக்கு அவனைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பு."

"நீங்க?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அங்கே கதவு திறந்தது. மெதுவான காலடி. போன் கை மாறியது. இன்னும் முழு மூச்சு பிடிபடாத ஒரு குரல், நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நின்று நின்று வந்தது.

"மச்சான். திருமாறன் பேசுறேன்."

"படுடா. எதுக்கு எழுந்து வந்த?"

"கார்டை நீங்க வச்சுக்குங்க. அதைக் கொண்டு போய் நீங்க போங்க. நானும் வர்றேன். என் பேரைச் சொல்றேன்."

"சொல்லி? உன் பேருக்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாதேடா. யார் நம்புவா?"

திருமாறன் மூச்சு வாங்கினான். அவசரப்படவில்லை.

"நெஞ்சுல அவங்க போட்ட ஓட்டை இருக்கே மச்சான். சட்டையைக் கழட்டிக் காட்டுறேன். அந்த டாக்டருக்கு அவரு கைவேலை தெரியும். நீங்களும் உங்க சட்டையைக் கழட்டிக் காட்டுங்க. எது யாரு நெஞ்சுன்னு அவரு சொல்லட்டும். அதுக்கப்புறம் என்னைக் கொண்டு போறவங்க கொண்டு போகட்டும். நான் திருமாறன்னு காட்ட இந்த உலகத்துல எனக்கு இருக்கிறது அது ஒண்ணுதான்."

எதிர்ப்பக்கம் முட்டைகோஸ் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிப் போயின. அர்ஜுனன் துணியை வாயில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தான். இந்தத் தடவை இருமவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

கத்தரீன் தட்டிலிருந்த கார்டை எடுத்து, திரும்பி, அவன் சட்டைப் பையிலேயே போட்டாள்.

"அந்த டாக்டர் எனக்கும் ஆபரேஷன் பண்ணவரு," என்றாள் போனில். "ரெண்டு பேரையும் நானே கூட்டிக்கிட்டுப் போறேன். வக்கீல் ஒருத்தரைத் தெரியும், அவரையும் வரச் சொல்றேன். என்ன ஆகும்னு எனக்கும் தெரியாது, தம்பி. போய்த்தான் பார்க்கணும்."

"சரிக்கா," என்றான் திருமாறன். பிறகு, கொஞ்சம் தள்ளி, "மச்சான் சாப்பிட்டாரான்னு கேளுங்க. அக்கா உலை வைக்கிறா."

"கோகிலா, வண்டியை எடு," என்றாள் கத்தரீன்.